ஒன்பதாம் கொட்டகை, மூன்றாவது கொக்கி

துவாக்குடியை விட்டு ஓர் அடிகூட நகராமல் வெல்மார் நாட்டில் மூன்று வருடம் தங்கியிருக்கத் தமயந்தி விசா கேட்டாள். அதற்கு முதலில் போலீஸ் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள் சகாயராணி படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பம்மா கிளம்புறீங்க?"

"கிளம்பல மேடம்."

"அப்ப வீட்டுக்காரர் மட்டும் போறாரா?"

"யாரும் எங்கயும் போகல. நான் இங்கதான் இருப்பேன். வேலைக்காக விசா."

"எங்கயும் போகாதவங்களுக்கு எதுக்கும்மா விசா?"

நியாயமான கேள்விதான். தமயந்திக்கே இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

"அங்க ஒரு சட்டம் வந்திருக்கு மேடம். கை எங்க வேலை செய்யுதோ, ஆளும் அங்கதான் இருக்காங்கன்னு கணக்கு. என் கை தினமும் எட்டு மணி நேரம் அவங்க கப்பல் பட்டறையில இருக்கு. அதனால நானும் அங்கதான் இருக்கேன்."

"உடம்பு இங்க இருக்கே?"

"உடம்பைப் பத்தி அவங்களுக்குக் கவலை இல்ல மேடம்."

சகாயராணி கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு 'குறிப்பு' என்ற கட்டத்தில், 'மனுதாரர் எங்கும் செல்லவில்லை எனத் தெரிவிக்கிறார்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

தமயந்தி வெல்டர். பத்தொன்பது வயதில் துவாக்குடி பட்டறைகளில் பாய்லர் குழாய் பற்றவைக்க ஆரம்பித்தவள். அவள் போட்ட ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்தால் ஊசிமுனை அளவு ஓட்டைகூடத் தெரியாது என்று பட்டறைக்காரர்கள் மற்ற வெல்டர்களின் காதில் விழும்படியே சொல்வார்கள். அப்போது அவளுக்கு எண் முப்பத்தேழு. வேலை முடிந்ததும் ஜாயின்ட் பக்கத்தில் இரும்பில் பதியும்படி அந்த எண்ணைப் பஞ்ச் அடிப்பாள். அந்தக் குழாய்கள் எந்தெந்த ஊருக்கெல்லாமோ போயின. போன இடத்திலெல்லாம் முப்பத்தேழும் கூடவே போயிற்று.

பிறகுதான் அந்தக் கம்பெனி வந்தது. தொழிற்பேட்டையில் குளிரூட்டிய ஒரு கூடம், அதில் நாற்பது நாற்காலிகள். முழங்கை வரை கையுறையும் கண்ணுக்குத் திரை வைத்த மூடியும் மாட்டிக்கொண்டு, காலை மிதிகளில் வைத்து உட்கார்ந்தால், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வெல்மாரின் கப்பல் பட்டறையில் ஓர் எஃகு உடம்பு எழுந்து நிற்கும். இவள் கையைத் தூக்கினால் அது தூக்கும். அங்கே தகடு அதிர்ந்தால் இங்கே இவள் விரலில் அதிரும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. துவாக்குடிக்காரர்கள் அதைக் கூடு என்றார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்வது என்பதை மாதச் சம்பளத்துக்குச் செய்தவர்கள் உலகத்தில் முதலில் நாங்கள்தான் என்று அஸ்கர் அலி சொல்லுவான். அவன் அவளுக்கு அடுத்த நாற்காலி.

விசா படிவம் மனிதர்கள் விமானம் ஏறிப் போன காலத்தில் எழுதியது. அதை யாரும் மாற்றவில்லை. வெல்மாரில் தங்கப்போகும் முகவரி? கூடு இரவில் தொங்கும் இடத்தைத்தான் எழுதவேண்டும் என்று கம்பெனி சொன்னது. 'ஒன்பதாம் கொட்டகை, மூன்றாவது கொக்கி' என்று எழுதினாள். குளிர்காலத்துக்குப் போதிய கம்பளி உடை உள்ளதா? கூட்டின் மூட்டுகளுக்குப் போடும் கிரீஸ் பெயரை எழுதினாள். அண்டை வீட்டாருடன் இணக்கமாக வாழ்வேன் என்று உறுதிமொழி வேறு. இரண்டாவது கொக்கியில் தொங்குவது அஸ்கரின் கூடு. அவனோடு அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த விசா அவளுக்கு வேண்டும். வெல்மாரில் நீண்டகால விசா உள்ள வெல்டருக்குத்தான் சொந்தப் பஞ்ச் கொடுப்பார்கள். அதுவும் எண் இல்லை, பெயர். விசா இல்லாதவர்கள் பற்றவைத்ததற்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. பதினான்கு மாதமாக அவள் 'கடல்நாரை' என்ற பயணிகள் கப்பலின் அடிவயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இருநூற்றுப் பதினோரு ஜாயின்ட்கள். அதில் ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வரவில்லை. ஆயிரம் பேர் அதன்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டு கடலைக் கடக்கப் போகிறார்கள். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கும்போதுகூடப் பெருமையாக இருக்கும். மறைக்க என்ன இருக்கிறது?

நேர்காணலுக்கு முதல் நாள் மேலாளர் இருதயராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அஸ்கரும் அங்கே இருந்தான்.

"நாளைக்கு ஒரே ஒரு கேள்விதாம்மா முக்கியம். இந்தப் பதினாலு மாசமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. மேற்பார்வைன்னு சொல்லுங்க. மெஷின் தானா வெல்டிங் பண்ணுச்சு, நீங்க உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தீங்க."

"நான் எங்க சார் பார்த்தேன்? நான்தானே பத்த வச்சேன்?"

"எனக்குத் தெரியாதா? சட்டம் வந்தப்ப நம்மள்ல ஒருத்தருக்கும் விசா இல்ல. வரிசையில நின்னு வாங்க ஒரு வருஷம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் கப்பலை நிறுத்தவா முடியும்? கூடெல்லாம் தானா வேலை செய்யுதுன்னு கம்பெனி எழுதிக் குடுத்திருச்சு. இப்பப் போயி நான்தான் பத்த வச்சேன்னீங்கன்னா, விசா இல்லாம பதினாலு மாசம் அவங்க நாட்டுக்குள்ள இருந்தீங்கன்னு ஆயிரும். அப்புறம் ஜென்மத்துக்கும் விசா கிடையாது."

"அப்ப அந்த ஜாயின்ட் எல்லாம்?"

"கப்பல் புத்தகத்துல மெஷின்னு இருக்கும். போனா போகுது. அடுத்த கப்பல்ல பேர் அடிங்க."

அஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாங்க முப்பத்தொம்போது பேரும் அப்படித்தான்க்கா சொன்னோம். எல்லாருக்கும் வந்திருச்சு."

தமயந்திக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"உங்க ஃபைல்ல மட்டும் ஒரு வில்லங்கம் இருக்கு," என்று இருதயராஜ் திரையை அவள் பக்கம் திருப்பினார். "அங்க பாதுகாப்புக் கேமரா பிடிச்சது. இதைப் பாருங்க."

கப்பலின் அடியில் வயதான ஒரு தொழிலாளி கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவளுடைய கூடு தகட்டைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தது. அதன் எஃகுப் பாதம் அவர் முழங்காலில் இடித்தது. கூடு சட்டென்று திரும்பிக் குனிந்தது. விரல் நுனியால் அந்த முழங்காலைத் தொட்டது. பிறகு கையை உயர்த்தித் தன் தலையில் கண் மாதிரி இருந்த இரண்டு கண்ணாடிகளிலும் ஒற்றிக்கொண்டது. அந்த மனிதர் ரொட்டியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். படம் அதோடு முடிந்தது.

"மெஷின் கை மனுஷன்மேல படக்கூடாது. அங்க அது பெரிய குத்தம். அதைவிட, தானா வெல்டிங் பண்ற மெஷின் எதுக்கு இப்படிப் பண்ணுச்சுன்னு கேக்கறாங்க. நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"கால் பட்டிருச்சு சார். தொட்டு ஒத்திக்கிட்டேன். யோசிச்செல்லாம் பண்ணல."

அஸ்கர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். இருதயராஜ் திரையை அணைத்தார். பஸ்ஸில் யார்மேலாவது கால் பட்டால் அவர் கையும் தன்னால் எழும். அந்த அறையில் இருந்த மூவருக்கும் அது விளக்க வேண்டிய விஷயமே இல்லை.

"சரி. கோளாறுன்னு சொல்லிருங்க," என்றார் கடைசியில். "மெஷின் தப்பா அசைஞ்சுது, பார்த்தேன், உடனே நிறுத்திட்டேன். அவ்வளவுதான்."

அன்று ஷிப்டில் அவள் கை ஓடவில்லை. நூற்று நாற்பத்தேழாவது ஜாயின்ட் முன்னால் போய்ச் சும்மா நின்றாள். இரண்டு தகடுகளும் கப்பலைத் தாங்கும் அடித்தண்டும் சேரும் மூலை அது. முன்பு கூட்டை மல்லாக்கப் போட்டு நான்கு நாள் அதைப் பற்றவைத்திருந்தாள். துவாக்குடியில் ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கணவன் மதிவாணன்தான் தைலம் தேய்த்துவிட்டான். மெஷினுக்குக் கழுத்து வலிக்குமா என்று யாரிடம் கேட்பது? அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் மதிவாணனிடம் சொன்னாள். அவன் துவாக்குடிக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் டவுன் பஸ் ஓட்டுகிறவன்.

"ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வந்துரு," என்றான். "ஊர்ல யாரு பொய் சொல்லாம படிவம் பூர்த்தி பண்றாங்க? வேலை போச்சுன்னா இது மாதிரி இன்னொண்ணு கிடைக்காது தமா."

"கிடைக்காதுதாங்க."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. மெஷின்னு சொல்ல வாய் வரல. அதான்."

அவன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டான். பத்தரை மணி வண்டியில் அவளும் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மதிவாணன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாவியைத் திருகினான். பதினைந்து வருடமாகத் தினமும் செய்வதுதான்.

"ஏங்க," என்றாள் தமயந்தி. "இப்ப கும்பிட்டது யாரு? நீங்களா, பஸ்ஸா?"

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கியரைப் போட்டான். தொழிற்பேட்டை நிறுத்தத்தில் அவள் இறங்கும்போது, "உனக்கு எது தோணுதோ அதைச் சொல்லு. நான் பார்த்துக்கறேன்," என்று மட்டும் சொன்னான்.

நேர்காணல் மதியம் இரண்டு மணிக்கு. திரையில் வந்தவர் ஆனிகா ப்ரென் என்ற அதிகாரி. நரைத்த முடி, கழுத்தில் சாம்பல் நிறத் துணி, தூக்கம் போதாத முகம். அவர் பேசியதை ஒரு மொழிபெயர்ப்புக் கருவி தமிழாக்கியது. அதற்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் யாரோ பழைய பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கவேண்டும்.

"தாங்கள் எங்கள் நாட்டில் நீண்டகாலம் தங்க விரும்புவதன் காரணம் யாது?"

"வெல்டிங் வேலைங்க."

"இதற்கு முன்னர் எங்கள் நாட்டிற்கு வருகை புரிந்துள்ளீரா?"

மேசைக்கு எதிரே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில் இருதயராஜ் நின்றுகொண்டு, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையை இடமும் வலமும் ஆட்டினார். தமயந்தி பதில் சொல்வதற்குள் அதிகாரி அந்தப் படத்தை ஓடவிட்டார். கூடு குனிந்தது, தொட்டது, ஒற்றிக்கொண்டது.

"இதனை நான் பதினொரு முறை பார்த்தேன். தானியங்கும் இயந்திரம் எதற்காக இவ்வாறு செய்தது என்று எங்கள் பொறியாளர்களால் கூற இயலவில்லை. தங்கள் நிறுவனம் இதனைக் கோளாறு என்கிறது. தங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

இருதயராஜின் கை அந்தரத்தில் நின்றது.

"கால் பட்டா மரியாதைக் குறைவுங்க. மனுஷங்க மேலன்னு இல்ல, புத்தகத்து மேல பட்டாலும் அப்படித்தான். தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். தெரியாம பட்டிருச்சு, மனசுல வச்சுக்காதீங்கன்னு அர்த்தம்."

"இயந்திரத்திற்குக் கண் இல்லையே?"

"கண்ணாடி இருக்குல்ல. அது வழியாத்தானே நான் அவரைப் பார்த்தேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "அம்மையீர், நன்கு சிந்தித்து விடையளியுங்கள். இந்த அசைவு இயந்திரத்தினுடையது எனில், தங்கள் விசா இன்றே வழங்கப்படும். தங்களுடையது எனில், அன்றைய தினம் தாங்கள் அனுமதியின்றி எங்கள் நாட்டில் இருந்தவராவீர். இனி ஒருபோதும் நுழைய இயலாது. இது எவருடைய கை?"

தமயந்தி தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் அடியில் பழைய தீப்பொறித் தழும்பு ஒன்று இருந்தது. பயமாகத்தான் இருந்தது. மாதாமாதம் வரும் சம்பளம், பாதி கட்டிய மாடி, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அவற்றுக்குப் பின்னால் அந்த நூற்று நாற்பத்தேழாவது மூலையும் வந்தது.

"என்னோடது. இடிச்ச காலும் என்னோடது, தொட்ட கையும் என்னோடது. அந்த இருநூத்திப் பதினோரு ஜாயின்ட்டும் என்னோடதுங்க. மெஷின் ஒண்ணுகூடப் போடல."

இருதயராஜ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"தங்களுடன் பணிபுரியும் ஏனையோர்?"

"அவங்களைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. என் கையைப் பத்திதான் நான் சொல்ல முடியும்."

ஆனிகா ப்ரென் பேனாவை மூடி வைத்தார். "என் மேசைமீது தங்களுடைய ஒரே ஒரு கோப்புதான் உள்ளது," என்றார். "கூற வேண்டியது வேறு ஏதேனும் உண்டா?"

"அந்தக் கப்பல்ல என் பேரை அடிக்க முடியுமாங்க?"

"அது விசா அலுவலகத்தின் பணி அன்று," என்றது கருவி. திரை அணைந்தது.

வேலை அன்று மாலையே போயிற்று. கையுறையைத் திருப்பி வாங்கிக்கொண்டு கையெழுத்து கேட்டார்கள். போட்டாள். கேட் வரைக்கும் அஸ்கர் கூடவே வந்தான். "எங்களைக் காட்டிக் குடுக்கலக்கா நீங்க," என்றான். "போடா, உள்ள போயி வேலையப் பாரு. என் கூட்டுக்குக் கிரீஸ் போடச் சொல்லு," என்று அவனை அனுப்பிவிட்டு அவள் நடந்தாள். கேட்டைத் தாண்டிய பிறகுதான் அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமை பழைய பாய்லர் பட்டறைக்குப் போனாள். குளிரூட்டிய கூடம் இல்லை, சம்பளம் பாதிதான். ஆனால் போன முதல் நாளே முப்பத்தேழாம் எண் பஞ்சை முதலாளி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில், பட்டறை வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. சகாயராணி கையில் ஒரு தடித்த உறையோடு இறங்கினார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது? உங்களை நாடு கடத்தியிருக்காங்க!"

தமயந்தி முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். தமிழ்ப் பிரதியும் இணைத்திருந்தார்கள். அதே வாத்தியார் தமிழ்.

'இந்தியக் குடியுரிமை கொண்ட தமயந்தி மதிவாணன் என்பார், உரிய அனுமதியின்றி வெல்மார் நாட்டில் பதினான்கு மாதங்கள் இருந்தார் என்பதும், அக்காலத்தில் கடல்நாரை என்னும் கப்பலின் இருநூற்றுப் பதினோரு இணைப்புகளைத் தம் கைகளாலேயே பற்றவைத்தார் என்பதும் ஐயத்திற்கிடமின்றி உறுதி செய்யப்படுகின்றன. தொடப்பட்ட யோரன் லீக் என்னும் தொழிலாளி விசாரிக்கப்பட்டார். பட்டறையில் முப்பது ஆண்டுகளில் தம்மீது மோதியவை பல என்றும், அவற்றுள் மன்னிப்புக் கேட்டது இது ஒன்றே என்றும், தமக்குப் புகார் ஏதும் இல்லை என்றும் அவர் கூறினார். மேற்படி தமயந்தி நாட்டை விட்டு வெளியேற்றப்படுகிறார். வாழ்நாள் முழுவதும் நுழையத் தடை விதிக்கப்படுகிறது.'

கீழே ஆனிகா ப்ரென்னின் கையெழுத்து.

அடுத்த பக்கம் கப்பல் புத்தகத்தின் நகல். மனிதக் கை செய்த இணைப்பு என்று அரசு உறுதி செய்துவிட்டால், அந்த மனிதரின் பெயர் அதில் இருந்தே ஆகவேண்டும் என்பது அவர்களுடைய கப்பல் சட்டம். 'மெஷின்' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். ஒன்று முதல் இருநூற்றுப் பதினொன்று வரை தமயந்தி, தமயந்தி, தமயந்தி என்று பக்கம் முழுக்கப் போயிற்று. ஒரு புகைப்படமும் இருந்தது. நூற்று நாற்பத்தேழாவது மூலையில், தகட்டில், வெல்மார் எழுத்தில் கோணல்மாணலாகப் பஞ்ச் அடித்த அவள் பெயர். பக்கத்தில் யாரோ ஒரு வயதானவரின் கட்டைவிரல் தெரிந்தது.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம், பக்கத்தில் நின்றவர்களிடம், டீ கொண்டுவந்தவரிடம் எல்லாம் காட்டினாள். நாடு கடத்தல் உத்தரவை இப்படிக் கல்யாணப் பத்திரிகை மாதிரிக் காட்டுகிறவளைச் சகாயராணி தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"எல்லாம் சரிம்மா. நான் ஒரு ரிப்போர்ட் அனுப்பணும்," என்றார் அவர், உறையிலிருந்து கடைசிப் படிவத்தை உருவி. "வெளியேற்றப்பட்ட நபர் சொந்த ஊர் வந்து சேர்ந்தாரான்னு உள்ளூர் ஸ்டேஷன் உறுதி பண்ணணுமாம். நான் என்னத்த எழுத? அன்னிக்கு எங்கயும் போகலன்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நானே குறிப்புல எழுதியிருக்கேன்."

தமயந்தி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன் மேடம்," என்றாள். "போயிருந்தேன். பதினாலு மாசம் அங்கதான் இருந்தேன். இப்பதான் வந்தேன்னு எழுதிக்குங்க."